வாயுவை அரித்தெடுத்த கதை



சென்ற மாதம் வானொலியில் நான் பேசிய உரையை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமல் அங்கே விட்டுவிட்ட சில செய்திகளையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

2007ஆம் ஆண்டு யூலை மாதம் கட்டாரிலிருந்து ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கடலடிக் குழாய் ஒன்றின் வழியாக இயற்கை வாயு வரத் தொடங்கியது. டொல்பின் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். குழாயின் நீளம் 364 கிலோமீற்றர். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் எரிபொருள் வாங்குவதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். வாங்கிய நாடு, உலகில் இயற்கை வாயு அதிகமாக உள்ள முதல் பத்து நாடுகளில் ஒன்று. அதுதான் புதுமை. 2009இல் குவைத்தும் 2010இல் டுபாயும் திரவமாக்கிய வாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்யத் தொடங்கின.

யாழ்ப்பாணத்தில் கரையோரக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வளவுக்குள் கிணறு இருக்கும், கிணறு நிறையத் தண்ணீரும் இருக்கும். ஆனால் உவர். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம். குடிக்க வேண்டுமென்றால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குத்தான் நடக்க வேண்டும். அபுதாபியின் நிலத்தடியில் இருக்கும் வாயுவில் பெரும் பங்கு இப்படி 'உவர்' வாயு. ஆங்கிலேயர் அதைப் புளித்த வாயு என்பார்கள். எனக்கு உவர் என்ற சொல்லே பொருத்தமாகப் படுகிறது. அந்த உவரை நீக்கிய வரலாறுதான் இன்றைய விடயம். அதில் ஒரு பிளாஸ்ரிக் தாளும், கண்ணுக்குத் தெரியாத சில துணிக்கைகளும், ஒரு அகதிக் குடும்பத்துப் பிள்ளையும் வருகிறார்கள்.

முதலில் வளைகுடாவின் பழைய கதை. பஹ்ரெய்னில் 1932இல் எண்ணெய் கண்டார்கள். 1938இல் சவூதியின் தம்மாமிலும் குவைத்தின் புர்கானிலும் கண்டார்கள். அபுதாபியின் கடலில் உம் ஷைப் வயலைக் கண்டது 1958இல். 1962இல் தாஸ் தீவிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. எண்ணெய் மேலே வரும்போது அதில் கரைந்திருந்த வாயுவும் கூடவே வரும். சோடாப் போத்தலைத் திறந்தால் நுரைத்து வருவது போலத்தான். எண்ணெயைப் பீப்பாயில் அளந்து விற்கலாம்; இந்த வாயுவை என்ன செய்வது? பக்கத்தில் வாங்க ஆளில்லை, கொண்டுபோகக் குழாயில்லை. எனவே உயரமான புகைபோக்கி ஒன்றின் உச்சியில் கொளுத்திவிட்டார்கள். பத்தாண்டுக் கணக்கில், இரவு பகலாக, வளைகுடாக் கரை முழுவதும் அந்தத் தீ எரிந்தது.

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் அபுதாபியின் மேற்குப் பாலைவனத்தில் கருவிகள் திருத்தும் வேலையில் இருந்தேன். நம்மவர்கள் பலர் அப்போது அங்கே இருந்தார்கள். பிற்பாடு இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் வந்து சேர்ந்த எத்தனையோ குடும்பங்களின் முதல் தரிப்பு வளைகுடாதான். 1983 யூலைக்குப் பிறகு விடுமுறைக்கு ஊர் போகலாமா என்ற கேள்வி எங்கள் முகாமில் ஒவ்வொரு இரவும் எழுந்தது. வீட்டுக் கடிதங்களை வெளியே வந்து அந்தத் தீயின் வெளிச்சத்தில் வாசிப்போம். எழுத்து அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

அக்காலத்தில் தீ குறையத் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தாஸ் தீவில் வாயுவைக் குளிராக்கித் திரவமாக்கும் ஆலை 1977இல் முதற் கப்பலை யப்பானுக்கு அனுப்பியது. மத்திய கிழக்கில் அத்தகைய ஆலை அதுவே முதலாவது. தரையில் எரிந்த வாயுவைச் சேகரிப்பதற்கென்று 1978இல் காஸ்கோ நிறுவனம் உருவானது. சவூதி 1975இல் முடிவெடுத்து 1982 அளவில் நாடு முழுவதற்குமான வாயுக் குழாய் வலையைக் கட்டி முடித்தது. எரித்த பொருள் இப்போது மின்சாரமாகியது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களுக்கு எரிபொருளாகியது. நகரங்கள் பெருத்தன. பெருத்த நகரங்கள் இன்னும் வாயு கேட்டன. நல்ல வாயு போதவில்லை. அப்போதுதான், பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்துத் தொடாமல் விட்டிருந்த உவர் வயல்களை நோக்கிக் கண் திரும்பியது.

லிவாப் பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள ஷா என்ற வயலை எடுத்துக்கொள்வோம். அங்கே கிணற்றிலிருந்து வரும் வாயுவில் 23 வீதம் ஐதரசன் சல்பைட்டு, 10 வீதம் காபனீரொட்சைட்டு. அதாவது நூறு பங்கில் முப்பத்து மூன்று பங்கு வேண்டாத சாமான். குழாயில் விடும் வாயுவில் காபனீரொட்சைட்டு பொதுவாக 2 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அது எரியாது, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உருக்குக் குழாயை அரிக்கும். ஐதரசன் சல்பைட்டு, அமெரிக்கக் குழாய் விதிகளின்படி, பத்து இலட்சத்தில் 4 பங்குக்கு மேல் கூடாது.

இந்த ஐதரசன் சல்பைட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாடசாலை ஆய்வுகூடத்தில் அழுகிய முட்டை மணம் என்று படித்திருப்பீர்கள். மிகச் சிறிதளவிலேயே மூக்கு அதைக் கண்டுபிடிக்கும். ஆனால் பத்து இலட்சத்தில் ஏறக்குறைய 100 பங்கு என்ற அளவு வந்ததும் மூக்கு மரத்துப்போகும். மணம் நின்றுவிடும். ஆபத்து விலகிவிட்டது என்று நினைப்பவன் இன்னும் இரண்டு அடி உள்ளே போவான். பத்து இலட்சத்தில் 1000 என்றால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவான். ஷா வயலின் 23 வீதம் என்பது பத்து இலட்சத்தில் 230,000. வாயு நிலையங்களில் கம்பத்தின் உச்சியில் ஆடும் துணிப் பையைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் திசை காட்டுவது. எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தந்த பாடம், மூக்கை நம்பாதே, அந்தப் பையைப் பார், காற்றுக்குக் குறுக்கே ஓடு என்பதுதான். எங்களை எடுத்த ஒப்பந்தகாரர் அந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தினார். சாரம் கட்டவும் குழாய் சுரண்டவும் வந்த நாட்கூலித் தொழிலாளருக்கு, அவர்களுக்கு விளங்கும் மொழியில், நடத்தவில்லை. நானும் இன்னொரு தமிழரும் மலையாளி ஒருவரும் சாப்பாட்டு நேரத்தில் சைகையாலும் பாதி இந்தியாலும் அதைச் சொல்லிக் கொடுத்தோம்.

இந்த இரண்டு வாயுக்களையும் எப்படி அகற்றுகிறார்கள்? பழைய வழி கழுவுதல். 1930இல் பொட்டம்ஸ் என்ற அமெரிக்கர் உரிமம் பெற்ற முறை அது. அமைன் என்ற இரசாயனக் கரைசலை உயரமான கோபுரத்தின் மேலிருந்து ஊற்றுவார்கள், வாயு கீழிருந்து ஏறும். கரைசல் அமில வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரைசலைக் கொதிக்கவைத்தால் பிடித்ததை விட்டுவிடும், திரும்பப் பாவிக்கலாம். பிரிந்து வந்த ஐதரசன் சல்பைட்டைக் கந்தகமாக மாற்றும் முறை அதைவிடப் பழையது: இலண்டனில் வேலை செய்த ஜெர்மன் இரசாயனவியலாளர் கிளாவுஸ் 1883இல் உரிமம் பெற்றது. ஷா நிலையம் 2015இல் இந்த முறைகளோடுதான் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 தொன் கந்தகம் அங்கே வெளிவருகிறது. அதை ஏற்றிச் செல்வதற்கென்றே ஐக்கிய அரபு இராச்சியத்தின் முதலாவது புகையிரதப் பாதை, 264 கிலோமீற்றர், ருவைஸ் துறைமுகம் வரை போடப்பட்டது. ஒட்டகப் பாதையாக இருந்த மணலில் முதலில் ஓடிய புகையிரதம் ஆட்களை ஏற்றவில்லை, மஞ்சள் கந்தகத்தை ஏற்றியது.

கழுவும் முறை வேலை செய்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கரைசலைக் கொதிக்கவைக்க வெப்பம் வேண்டும்; அந்த வெப்பத்துக்கு வாயுவையே எரிக்க வேண்டும். உவர் கூடக் கூடக் கோபுரமும் பெருக்கும், செலவும் பெருக்கும். கிணற்றிலிருந்து வாயு தன் சொந்த அழுத்தத்தோடுதானே வருகிறது? அந்த அழுத்தத்தைக் கொண்டே, கொதிகலனும் கரைசலும் இல்லாமல், அரிதட்டில் மா அரிப்பது போல அரித்துவிட முடியாதா?

முடியும் என்பதற்கான முதல் தடயம் 1831இல் கிடைத்தது. பிலடெல்பியாவில் மிற்செல் என்ற வைத்தியர் இரப்பர் பலூன்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்துப் பார்த்தார். ஓட்டையில்லாத பலூன்கள் சுருங்கின. அதைவிட விசித்திரம், ஒவ்வொரு வாயுவும் ஒவ்வொரு வேகத்தில் வெளியேறியது; காபனீரொட்சைட்டு பலவற்றை முந்திக்கொண்டு போனது. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கட்டிய பலூன் மறுநாள் காலையில் தரையில் கிடப்பதைப் பார்த்து நாம் பேசாமல் குப்பையில் போடுகிறோம். அவர் உட்கார்ந்து எழுதிவைத்தார். 1866இல் தோமஸ் கிரஹாம் காரணத்தையும் ஊகித்தார். வாயு இரப்பரின் ஓட்டைகளால் நுழையவில்லை. தேநீரில் சீனி கரைவது போல முதலில் இரப்பருக்குள் கரைகிறது, பிறகு அதற்குள் ஊர்ந்து மறுபுறம் வெளியேறுகிறது. சாதாரண காற்றை இரப்பர்த் தாளினூடாக இழுத்து, 21 வீதமான ஒட்சிசனை 41 வீதமாக உயர்த்தியும் காட்டினார்.

பிறகு கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. தாள் தடிப்பாக இருந்தால் வாயு ஊர்ந்து போக நாள் கணக்காகும், மெல்லியதாக்கினால் கிழிந்துவிடும். இந்த முடிச்சு அவிழ்ந்தது வாயுத் துறையில் அல்ல, தண்ணீர்த் துறையில். 1950களின் இறுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிலிருந்து வந்த ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்பவரும் செலுலோசு அசற்றேற்று என்ற பொருளில் ஒரு மென்சவ்வைச் செய்தார்கள். திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரும் சௌரிராஜன்தான்; அந்தப் பெயரை ஒரு பொறியியல் நூலில் முதன்முதல் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். அவர்களின் சவ்வு இட்லியைப் போன்றதல்ல, பாணைப் போன்றது: உள்ளே பஞ்சாகத் துளைகள், மேலே மட்டும் மிக மெல்லிய இறுகிய தோல். பிரிக்கும் வேலையைத் தோல் செய்யும். தாங்கும் வேலையை உட்புறம் செய்யும். உப்பு நீரை அழுத்தினால் நல்ல நீர் முன்னையதைவிடப் பல மடங்கு வேகமாக வெளிவந்தது. 1965இல் கலிபோர்னியாவின் கொலிங்கா என்ற சிற்றூர் இந்த முறையில் குடிநீர் பெற்றது. சௌரிராஜன் பின்னர் ஒட்டாவாவிலுள்ள கனடிய தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

அதே சவ்வை உலர்த்தி வாயுவுக்குப் பாவித்தால் என்ன? உலரும்போது தோல் சுருங்கி நொருங்கியது. ஈரத்தை மெல்ல மெல்ல வேறு திரவங்களால் மாற்றி உலர்த்தும் நுட்பம் வர எழுபதுகள் ஆகின. 1980இல் மொன்சான்ரோ நிறுவனம், தலைமயிர் போன்ற உட்குழிவான பொலிமர் இழைகளை ஆயிரக்கணக்கில் கட்டாகக் கட்டி, ஐதரசனைப் பிரிக்கும் கருவியாக விற்பனைக்கு விட்டது. (இலங்கையில் இரசாயனவியல் படித்தவர்கள் பல்பகுதியம் என்றால்தான் ஒத்துக்கொள்வார்கள். நான் பொலிமர் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.) இழையின் தோலில் தவிர்க்க முடியாமல் வரும் ஊசித் துளைகளைச் சிலிக்கோன் இரப்பர் பூசி அடைத்தார்கள், ஹெனிஸ், திரிப்போடி என்ற இருவரின் யோசனை அது. பழைய சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவது போன்ற எளிய யோசனை. தொழிலே அதன் மீது எழுந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் ரெக்சாசில் காபனீரொட்சைட்டை இயற்கை வாயுவிலிருந்து பிரிக்கும் சவ்வு நிலையங்கள் வந்தன. 1995இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் காதிர்பூர் என்ற இடத்தில் அக்காலத்தின் மிகப் பெரிய நிலையம் ஒன்று அமைந்தது. 6.5 வீதமாக இருந்த காபனீரொட்சைட்டை அது 2 வீதத்துக்குக் கீழே கொண்டுவந்தது.

இவ்வளவும் சரியென்றால் வளைகுடா ஏன் எல்லா உவர் வயல்களுக்கும் சவ்வைப் போட்டு முடிக்கவில்லை?

இரண்டு இடைஞ்சல்கள். முதலாவது, காபனீரொட்சைட்டு அதிக அழுத்தத்தில் பொலிமருக்குள் கரையும்போது பொலிமர் ஊறி இளகிவிடுகிறது. மழையில் நனைந்த மரக் கதவு உப்பிப் பூட்ட முடியாமல் போவது தெரியும்தானே? இங்கேயும் அதுதான். இளகிய சவ்வு மெதேனையும் சேர்த்து விட்டுவிடும். மெதேன்தான் நமக்கு வேண்டிய எரிபொருள். அது தப்பிப் போனால் காசு தப்பிப் போகிறது. ஆய்வுகூடத்தில் தனி வாயுவில் முப்பது மடங்கு வித்தியாசம் காட்டிய செலுலோசு அசற்றேற்று, வயலில் பத்துப் பதினைந்து மடங்கோடு நின்றுவிடுகிறது.

இரண்டாவது இடைஞ்சல் இன்னும் ஆழமானது. காபனீரொட்சைட்டு மூலக்கூறின் அகலம் 0.33 நனோமீற்றர், மெதேனுக்கு 0.38. நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஐதரசன் சல்பைட்டு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பார்த்துப் பிரிக்கக்கூடிய பொலிமர் இறுக்கமானதாக இருக்கும். ஆகவே மெதுவாகத்தான் விடும். தாராளமாக விடும் பொலிமர் தராதரம் பார்க்காது. விமான நிலையக் குடிவரவு வரிசையில் மணிக்கணக்காக நின்ற நம்மவர்களுக்கு இது புதிதல்ல: கடுமையாகச் சோதிக்கும் வரிசை நகராது. 1991இல் லொயிட் றொப்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதுவரை அளந்த பொலிமர்களை எல்லாம் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக இட்டார். எல்லாம் ஒரு சரிந்த கோட்டுக்குக் கீழே அடங்கின. 2008இல் புதிய பொருட்களைச் சேர்த்துத் திரும்ப வரைந்தபோது கோடு சிறிது உயர்ந்தது, ஆனால் மறையவில்லை.

பொலிமரால் மட்டும் தாண்ட முடியாத கோட்டை, வேறொன்றைக் கலந்து தாண்டலாமா என்ற முயற்சிதான் நனோத் துணிக்கைகளின் கதை. சியோலைற்று என்ற கனிமத்தின் உள்ளே மூலக்கூறு அளவிலேயே ஒழுங்கான துவாரங்கள் உண்டு. அதுவே சரியான அரிதட்டு. ஆனால் தாளாகச் செய்தால் அப்பளம் போல நொருங்கும், விலையும் அதிகம். பொலிமர் வளையும், மலிவு. இரண்டையும் கலந்தால்? 1973இல் போல், கெம்ப் என்ற இருவர் சிலிக்கோன் இரப்பருக்குள் சியோலைற்றுத் தூளைக் கலந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் காபனீரொட்சைட்டைத் துணிக்கைகள் பிடித்துவைத்துத் தாமதப்படுத்தின. நிலைபெற்ற பிறகு பெரிய வித்தியாசமில்லை. எண்பதுகளில் அமெரிக்காவில் குல்பிரதிபஞ்சா என்ற தாய்லாந்துக்காரர் செலுலோசு அசற்றேற்றிலேயே இவ்வகைத் துணிக்கைகளைக் கலந்து முன்னேற்றம் காட்டினார்.

தொல்லை எங்கே வந்தது என்றால், துணிக்கைக்கும் பொலிமருக்கும் நடுவில். கொங்கிறீற் போட்டவர்கள் அறிவார்கள்: சல்லிக்கல்லைச் சுற்றிச் சீமெந்து சரியாக ஒட்டாவிட்டால் அந்த இடைவெளியால் தண்ணீர் கசியும். கல் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. வாயுவும் அப்படித்தான், துணிக்கையின் நுண்துவாரத்துக்குள் நுழையாமல் அதைச் சுற்றியுள்ள இடைவெளியால் ஓடிவிடும். தராதரம் பார்க்கும் வேலையே நடக்காது. ஐம்பது ஆண்டு ஆராய்ச்சியில் பெரும் பகுதி இந்த இடைவெளியை மூடுவதற்கே செலவாகியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

2002இல் எதிர்பாராத ஒன்று நடந்தது. துவாரமே இல்லாத துணிக்கைகளைக் கலந்தால் வாயு சுற்றிப் போக வேண்டியிருக்கும், ஆகவே வேகம் குறையும். இது 1873இல் மக்ஸ்வெல் எழுதிவைத்த கணக்கு. ஆனால் மேர்க்கல், பிறீமன், பின்னாவ் ஆகியோரும் அவர்களது குழுவினரும் ஒரு விறைப்பான பொலிமரில் சிலிக்கா நனோத் துணிக்கைகளைக் கலந்தபோது வேகம் கூடியது. துணிக்கைகள் மிகச் சிறியவையாக இருந்தமையால் பொலிமர்ச் சங்கிலிகளின் நெருக்கத்தையே குலைத்து இடம் உண்டாக்கிவிட்டன. கலப்பது சும்மா நிரப்புவதற்கல்ல, பொலிமரின் குணத்தையே மாற்றலாம் என்பது அன்று தெரிந்தது. அந்த ஆய்வில் பங்குகொண்ட இங்கோ பின்னாவ், பிறகு சவூதியில் செங்கடற் கரையில் 2009இல் திறக்கப்பட்ட மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். கவுஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இங்கேதான் நான் சொன்ன அகதிக் குடும்பத்துப் பிள்ளை வருகிறார். ஓமர் யாகி 1965இல் ஜோர்தானின் அம்மானில் பிறந்தார். பெற்றோர் பலஸ்தீன அகதிகள். பிள்ளைகள் நிறைந்த குடும்பம், ஓர் அறை, அதே அறையில் கால்நடையும். மின்சாரமில்லை, தண்ணீர் எப்போதாவது சில மணி நேரம் வரும்போது பிடித்துவைக்க வேண்டும். பத்து வயதில் நூலகப் புத்தகம் ஒன்றில் பந்தும் குச்சியுமாக வரைந்த மூலக்கூறுப் படங்களைக் கண்டு மயங்கினாராம். பதினைந்து வயதில் தகப்பன் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். கடையில் சாமான் பையில் போட்டுக் கொடுத்தும் தரை துடைத்தும் படித்தார். உலோக அணுக்களை மூலையாகவும் சேதன மூலக்கூறுகளைச் சட்டமாகவும் வைத்து, துவாரங்களின் அளவை விரும்பியபடி அமைக்கக்கூடிய பளிங்குகளை உருவாக்கினார். இந்த உலோக-சேதனச் சட்டகங்களுக்காக 2025இல் யப்பானின் கிற்றகாவா, அவுஸ்திரேலியாவின் றொப்சன் ஆகியோருடன் இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. (இந்த றொப்சன் வேறு, கோடு வரைந்த றொப்சன் வேறு.) 2021இல் சவூதி அவருக்குக் குடியுரிமையும் வழங்கியிருந்தது.

சட்டகங்களில் பாதி சேதனப் பொருள் என்பதால் பொலிமரோடு நன்றாக ஒட்டும். பழைய இடைவெளித் தொல்லை குறைந்தது. 2006இல் யாகியின் குழு அறிவித்த வகைகளில் ஒன்றின் வாசல் 0.34 நனோமீற்றர், அதாவது காபனீரொட்சைட்டு உள்ளே போகலாம், மெதேன் வாசலில் இடிபடும். யாகியிடம் முன்பு பணியாற்றிய மொஹமட் எடாவுடி கவுஸ்ட்டில் இருக்கிறார். அவரும் ஜோர்ஜியாவின் வில்லியம் கோறொசும் 2018இல் இத்தகைய கலப்புச் சவ்வுகளால் ஐதரசன் சல்பைட்டையும் காபனீரொட்சைட்டையும் ஒருசேர அகற்றிக் காட்டினார்கள். 2022இல் எடாவுடி குழு, துணிக்கைகளை மணி மணியாக அல்லாமல் மெல்லிய தகடுகளாகச் செய்து, கூரைக்கு ஓலை வேய்ந்தது போல ஒரே திசையில் படியவைத்தது. வாசல்கள் எல்லாம் வாயு வரும் பக்கத்தைப் பார்த்து நின்றன.

ஆனால் இவையெல்லாம் ஆய்வுகூட அளவில்தான். விற்பனைச் சவ்வின் தோல் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிப்பு. துணிக்கை அதைவிடப் பெரிதாக இருந்தால் தோலைத் துளைத்துக்கொண்டு நிற்கும். உள்ளங்கை அளவில் குறையில்லாமல் செய்ததைக் கிலோமீற்றர் கணக்கான இழையில் செய்ய வேண்டும். கிணற்று வாயு ஆய்வுகூட வாயுவைப் போலச் சுத்தமானதல்ல. ஈரமும் எண்ணெய்ப் பசையும் மணலும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைத் தாங்க வேண்டும். வாயு நிலையத்து முகாமையாளர்கள் புதியதை ஏற்கத் தயங்குவதைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். 230,000 பங்கு நஞ்சு ஓடும் இடத்தில் தயக்கம் நல்ல குணம். கழுவும் கோபுரத்தைச் சவ்வு அகற்றிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. முன்னால் நின்று பெரும் பகுதியை அரித்துக் கொடுத்தால் பின்னால் நிற்கும் கோபுரம் சிறியதாகலாம், கொதிக்கவைக்கும் வாயு மிஞ்சலாம். அவ்வளவு நடந்தாலே பெரிய விடயம்.

உரைக்குப் பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் இரண்டு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

குசினித் தொட்டிக்குக் கீழே பூட்டும் தண்ணீர் வடி இதே சவ்வா என்று ஓர் அம்மா கேட்டார். உறவுமுறையில் ஆம். எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பெட்டியில் போட்டிருந்தால், அது லோப், சௌரிராஜன் சவ்வின் வழித்தோன்றல். இப்போது தோல் பெரும்பாலும் வேறு பொலிமரில் செய்யப்படுகிறது.

மற்றது, ருவைஸ் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் மருமகனைப் பற்றி ஓர் ஐயா கேட்டது. மணம் வந்தால் ஓடிவிடுவேன் என்று பிள்ளை சொல்கிறானாம், அது போதுமா என்றார். போதாது. காரணத்தை மேலே எழுதியிருக்கிறேன். சட்டைக் கழுத்துப் பக்கம் கொழுவும் சிறிய வாயுமானி ஒன்று அவருக்குத் தரப்பட்டிருக்க வேண்டும்; அதன் பின்புறத்தில் கடைசியாகச் சரிபார்த்த திகதி ஒட்டியிருக்கும். அடுத்த முறை பேசும்போது அந்தத் திகதியை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள்.